ஆளில்லா வீட்டின் அறிவுள்ள உலை

ஆதிமனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தது மனித குலத்தின் முதல் பெரும் சாதனை. அந்த நெருப்புக்கு அறிவு புகட்டி, எரிவதும் எரியாததும் அதன் இஷ்டம் என்று விட்டது இரண்டாவது சாதனை. முதலாவது எந்தக் குகையில் நடந்ததோ, யார் கண்டது. இரண்டாவது வட மினசோட்டாவில், கிவிலம்பி என்ற சிற்றூரில், ரெய்னோ ஹக்காலாவின் வீட்டு நிலவறையில் நடந்தது.

அதுவரை அங்கே இருந்தது அறுபது வருஷப் பழைய உலை. மேலே சுவரில் இருந்த குமிழைத் திருப்பினால் கீழே ஒரு முறை கனைத்துக்கொண்டு பற்றும், வீடு முழுக்கச் சூடான காற்று வரும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ஆனால் லவர்னுக்குக் கால் சில்லிட்டுப்போகிறது என்று தெரிந்ததும், நாற்பத்தொரு வருஷம் கூடவே வாழ்ந்த மனைவியாயிற்றே என்று ரெய்னோ புது உலை வாங்கத் துணிந்தார்.

மதிவெப்ப நிறுவனத்திலிருந்து ப்ரெண்ட் வந்தார். அவர் பதவி 'சுகநிலை ஆலோசகர்'. பழைய உலையைச் சுற்றிவந்து, பிணத்தைப் பார்க்கும் டாக்டர் மாதிரித் தொப்பியைக் கழற்றினார்.

"இது ஒண்ணுமே படிக்காதது சார்," என்றார். "நம்ம உலை நாற்பது நாள் உங்களைக் கூர்ந்து கவனிக்கும். அப்புறம் நீங்க வாயே திறக்க வேண்டாம். உங்களுக்கு என்ன வேணும்னு அதுவே முடிவு பண்ணிக்கும்."

வாயே திறக்க வேண்டாம் என்றதும் ரெய்னோ மயங்கிவிட்டார். கிவிலம்பியில் எவரும் எதைப் பற்றியும் குறை சொல்வதில்லை. கால் முறிந்தவனைக் கேட்டாலும் "பரவாயில்ல" என்பான்.

"பின்னாடி விறகு அடுக்கி வச்சிருக்கீங்களே?" என்றார் ப்ரெண்ட்.

"சவுனாவுக்கு. சனிக்கிழமை ஆவிக் குளியல்."

"அறிவுள்ள வீட்டுக்கு அது அழகில்ல சார். சவுனாவுக்கும் நாங்களே மின்சார அடுப்பு போட்டுத் தருவோம். அடுத்த கட்டத்துல."

விறகு முழுவதும் பக்கத்து வீட்டு ஆர்விட்டுக்குப் போயிற்று. நாலு பேர் சேர்ந்து பழைய உலையை வெளியே தூக்கினார்கள். அறிவுள்ள உலை உள்ளே வந்தது. சுவர்க் குமிழ் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வட்டத் தட்டு முளைத்தது.

இது செப்டம்பர் கடைசியில். கிவிலம்பியில் நவம்பருக்கு முன் உலையைப் போடுகிறவன் காபிக் கடையில் தலைகாட்ட முடியாது. ஆகவே ரெய்னோ இரண்டு ஸ்வெட்டரும் தொப்பியும் போட்டுக்கொண்டு, தட்டின் பக்கமே போகாமல் மானத்தைக் காத்தார். உலை நாற்பது நாளும் கண்ணும் கருத்துமாகப் படித்தது. யாரும் சூடு கேட்கவில்லை. வீடு நாளுக்கு நாள் குளிர்ந்தது, ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. உலை யோசித்துத் தீர்ப்பு எழுதியது: 'ஆளில்லா வீடு'.

அன்றிலிருந்து குழாயில் தண்ணீர் உறையாத அளவுக்கு மட்டும் எரிந்தது. நவம்பரில் ரெய்னோ தட்டைத் திருகினார். ஆளில்லாத வீட்டில் தட்டைத் திருகுவது எலியாகத்தான் இருக்கும் என்று உலை சரியாகவே ஊகித்து, பேசாமல் இருந்தது.

ஜனவரி வந்தது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பது. சமையலறையில் வெண்ணெயை வெட்ட ரெய்னோ ரம்பத்தைத் தேடினார். லவர்ன் கையுறையோடு போனை எடுத்தாள்.

"எங்க பதிவுப்படி அந்த வீட்டுல யாருமே இல்லீங்க மேடம்," என்றார் ப்ரெண்ட்.

"அப்ப நான் யாரு?"

"அத உரிமையாளர்கிட்டதான் கேக்கணும். அவர் குளிருதுன்னு ஒரு வார்த்தை புகார் சொன்னாப் போதும், பதிவை மாத்திரலாம்."

லவர்ன் போனைக் கணவனிடம் நீட்டினாள்.

"எப்படி இருக்கு சார் உலை?"

"பரவாயில்ல," என்றார் ரெய்னோ. பல் தந்தியடித்ததில் அதைச் சொல்லி முடிக்கவே நேரமாயிற்று.

"ஆர்விட்டுகிட்ட கொஞ்சம் விறகாவது திரும்பக் கேளேன்," என்றாள் லவர்ன்.

"கேட்டா நமக்குக் குளிருதுன்னு தெரிஞ்சுபோயிடுமே."

லவர்ன் பெட்டியை எடுத்து வைத்தாள். "வெள்ளிக்கிழமை அரிசோனாவுக்குப் போறேன், தங்கச்சி வீட்டுக்கு. வெயிலுக்காகப் போறேன்னு நினைக்காத. பொண்டாட்டி விறைச்சுப்போய் நிக்கறப்பக்கூட ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிற பாரு, அதுக்காகப் போறேன்."

போகாதே என்று சொல்ல ரெய்னோவுக்கு ஆசைதான். அதையும் அவர் வெளியே சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை லவர்ன் பெட்டியோடு வாசலுக்கு வந்தாள். வெளியே டாக்சிக்குப் பதில் ப்ரெண்டும் கோட்டுப் போட்ட மூன்று அதிகாரிகளும் ஒரு போட்டோக்காரரும் நின்றார்கள். மாகாணத்திலேயே மிகக் குறைவாக எரிவாயு செலவழித்த, ஒரு புகாரும் வராத வீடு அது. ஆண்டின் 'பரிபூரணத் திருப்தி' விருது அதற்குத்தான். ஆளில்லா வீட்டின் ஆளைப் பாராட்ட நேரிலேயே வந்துவிட்டார்கள். கூடத்தில் கூட்டம் நடந்தது. தலைமை உரை ஒவ்வொரு வாக்கியமாக ஆவியாகக் கிளம்பியது. மேப்பிள் மரத்தில் செய்து, விருதின் பெயரைப் பெரிதாகப் பொறித்து, முறம் அளவுக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள்.

"வாடிக்கையாளர் ரெண்டு வார்த்தை பேசலாம்," என்றார் ப்ரெண்ட்.

ரெய்னோ கேடயத்தைத் திருப்பிப் பார்த்தார். விரலால் தட்டிப் பார்த்தார். நன்றாகக் காய்ந்த மரம். பெட்டியின் கைப்பிடியை விடாமல் நின்ற லவர்னைப் பார்த்தார். கொல்லைப் பக்கம் இருந்த சவுனா அறைக்கு நடந்தார். அங்கே விறகடுப்பின் முன் குந்தி, கேடயத்தை முழங்காலில் வைத்து இரண்டாக உடைத்து, உள்ளே வைத்துத் தீக்குச்சி கிழித்தார். 'பரிபூரண' முதலில் பற்றியது, பிறகு 'திருப்தி'.

பின்னாலேயே வந்த அதிகாரிகள் பெஞ்சில் இடித்துப் பிடித்து உட்கார்ந்து, தங்களை அறியாமல் அடுப்பை நோக்கிக் கை நீட்டினார்கள். லவர்ன் பெட்டியோடு கதவருகில் நின்றாள்.

"எங்களுக்குக் குளிருது," என்றார் ரெய்னோ.

கிவிலம்பியில் அந்தச் சொல்லை ஒரு ஆண்பிள்ளை சத்தமாகச் சொன்னது அதுவே முதல் தடவை. சொல்லிவிட்டு அவரே பயந்துபோனார். பிறகு துணிந்து தொடர்ந்தார்: "நவம்பர்லேருந்து குளிருது. என் பொண்டாட்டிக்கு என்னைவிட அதிகமாக் குளிருது. நீங்க கொடுத்ததுல சூடு தந்தது இது ஒண்ணுதான். ஏப்ரல் வரைக்கும் தாங்கணும். இன்னும் நாற்பது அனுப்புங்க."

லவர்ன் பெட்டியைக் கீழே வைத்தாள். பெஞ்சில் ஒரு அதிகாரியைத் தள்ளி உட்காரச் சொல்லி, கணவன் பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டினாள்.

நிறுவனம் உடனே நடவடிக்கை எடுத்தது. போனில் வராத புகாரை, அதுவும் ஆளில்லாத வீட்டிலிருந்து, பதிய விதியில் இடமில்லை. ஆனால் வாடிக்கையாளர் ஒருவர் தாமாக முன்வந்து நாற்பது விருது கேட்டது அதன் வரலாற்றிலேயே இல்லை என்று செய்திமடலின் முதல் பக்கத்தில் போட்டார்கள். அடுத்த வாரமே லாரி வந்து நாற்பது கேடயங்களை இறக்கிவிட்டுப் போனது.

நிலவறையில் அறிவுள்ள உலை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. கொல்லையில் ஹக்காலா தம்பதி சவுனாவிலேயே சாப்பிட்டு, சீட்டாடி, தூங்குகிறார்கள். லவர்னின் கால் வெதுவெதுப்பாக இருக்கிறது. ஆதிமனிதனுக்குப் பிறகு நெருப்பை இரண்டாம் முறை கண்டுபிடித்தவர் ரெய்னோ. விறகு உபயம்: மதிவெப்ப நிறுவனத்தார்.