திர்ஹம் அண்ணையின் கறுப்புக் காசு

பொலிஸ், பனிச்சரிவு, வதிவிடப் பெர்மிட் கடிதம் எல்லாத்துக்கும் பயப்படுகிற ஆள் நான். மூன்றையும் ஒன்றாய்க் கட்டினாலும் திர்ஹம் அண்ணை எனக்குத் தந்த பயத்துக்குக் கிட்ட வராது.

சுவிஸ் மலைப்பக்கம், எங்கடினில் ஒரு ஹோட்டல் குசினி. நான் கோப்பை கழுவ, அவர் மரக்கறி வெட்டுவார். இருவருக்கும் ஒரே அறை. அவருக்கு ஒரேயொரு பைத்தியம்: மொங்கோலியர் ஆட்சி உடைந்த பிறகு பக்தாத்தை ஆண்ட ஜலாயிர் ராசாக்களின் வெள்ளிக்காசு. திர்ஹம் என்று அதற்குப் பெயர். அவருக்கும் அதுவே பெயராகிவிட்டது. வெங்காயம் உரிக்கும்போதும் அந்த ராசாக்கள் அடிபட்டுச் செத்த கதைதான். பக்கத்தில் நிற்பவர்கள் எதுக்கு அழுகிறார்கள் என்று செஃப்புக்கு விளங்காது.

ஒருநாள் தான் சேர்த்து வைத்த காசு ஒன்றைக் காட்டினார். நான் கேட்டேன்: "அண்ணை, முழுக்க அரபு எழுத்தாக் கிடக்கு. பொலிஸ் கேட்டா?"

"ராசா செத்து அறுநூறு வருசத்துக்கு மேல. அவரைப் போய்ப் பிடிக்கச் சொல்லு!"

ஒருமுறை முழங்கால் ஒப்பரேஷனுக்குக் கூர் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனார். காசுப்பெட்டியை என் கையில் தந்தார். "என்ர உயிர் இதுக்குள்ள. பாத்துக்கொள்."

கட்டிலுக்குக் கீழே வைத்தால் ஈரம், அலுமாரியில் வைத்தால் கள்ளர். கடைசியில் கட்டிப்பிடித்துக்கொண்டே படுத்தேன். நாலாம் நாள் திறந்து பார்த்தால், நான் முன்னம் பார்த்திராத பெரிய காசு ஒன்று கரிக்கட்டி மாதிரி கறுத்துக் கிடக்குது! என்ர பொறுப்பில் பழுதாய்ப் போச்சே! சாமிப்படத்தடியில் இருந்த திருநீற்றை அள்ளி, அம்மா குங்குமச்சிமிழ் மினுக்குகிற மாதிரி தேய் தேயென்று தேய்த்தேன். கண்ணாடி தோற்றது.

அண்ணை ஊன்றுகோலோடு வந்து பார்த்தார். அப்படியே கட்டிலில் இருந்துவிட்டார்.

"என்னடா செய்தனீ?"

"திருநீறு போட்டு மினுக்கினனான்..."

"அந்தக் கறுப்பு அறுநூறு வருசமா ஏறினதடா! அதுதான்ரா அதின்ர மதிப்பு!"

பூதக்கண்ணாடியை வைத்து ஒரு மணித்தியாலம் பார்த்தார். நான் மெல்ல என் சூட்கேஸை இழுத்தேன்.

"எங்க வெளிக்கிடுறாய்?"

"தெரியாது அண்ணை."

"இரு. பேனையை எடு."

ஒவ்வொரு காசுக்குக் கீழும் ஒரு கடதாசித் துண்டு வைத்திருப்பார்: எந்த ராசா, எந்த ஊரில் அடித்தது, யார் யார் கைக்கு வந்தது. நான் மினுக்கின காசின் துண்டில், கடைசி வரியாய் எழுதினார்: 'திருநீற்றால் மினுக்கியவர், தம்பி நேசன், எங்கடின்.' எட்டாம் வகுப்போடு நின்ற என் பெயர், பக்தாத் ராசாவுக்குக் கீழே!

இப்போது அவர் ஆரா நகரத்தில். ஞாயிறுதோறும் போன் எடுப்பார். "வெள்ளியைத் தொடாமல் இருக்கிறியோ?"

"ஓம் அண்ணை."

பொலிஸுக்கு இப்ப அவ்வளவு பயமில்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணையின் போன் அடிக்கப் பிந்தினால்தான் பயம்.