இரண்டு பழுப்புக் கண்கள்

"நீ எப்ப போட்டோ எடுத்துக்கிட்ட?" கணவன் இல்தாஃப் மூன்றாவது தடவையாகக் கேட்டான்.

"எடுத்துக்கவே இல்லைன்னு சொல்றேன்ல!" என்றாள் ஷகுஃப்தா.

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் அவர்கள் வீட்டுக்கு எதிரே, பேருந்து நிறுத்தத்தில் பெரிய சுவரொட்டி. கறுப்பு நிகாப் முகத்திரைக்குள் இரண்டு பழுப்புக் கண்கள், பின்னால் ஒரு சன்னல். கீழே, 'இவளை யார் விடுவிப்பார்?'

ஷகுஃப்தாவும் நிகாப் அணிபவள்தான். ஆனால் பதினொரு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். விடுவிப்பதென்றால் அவளிடம் மாட்டிய மாணவர்களைத்தான் விடுவிக்க வேண்டும்.

"உன் கண்ணேதான். சன்னலும் நம்ம சன்னல் மாதிரியே இருக்கு" என்றான் இல்தாஃப்.

அவள் சன்னலுக்கு ஓடித் தெருவை எட்டிப் பார்த்தாள். அப்படியென்றால் யாரோ தெருவில் நின்று எடுத்திருக்கிறான்.

தோழி ரெஹானா மட்டும் உதட்டைப் பிதுக்கினாள். "செருப்பு தெரியலையேடி. அதைப் பாக்காம எப்படிச் சொல்றது?"

பள்ளிவாசலில் நிகாப் அணிந்த பெண்கள் ஒருவரையொருவர் கண்டுபிடிப்பது செருப்பை வைத்துத்தான். கண்ணையெல்லாம் யார் கவனித்தார்கள்?

ஷகுஃப்தா சன்னலுக்குத் தடித்த திரை போட்டாள். மறுநாளே பக்கத்து வீட்டு மாரீன் வந்து நின்றாள்.

"வெளிச்சத்தைக்கூட விடமாட்டேங்கிறாரா கண்ணு? பேச வேண்டாம். ஆமான்னா ரெண்டு தடவை கண்ணைச் சிமிட்டு."

ஷகுஃப்தாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்கள் நாலு தடவை சிமிட்டிவிட்டன.

மதியமே நலத்துறையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். "நீங்க சந்தோஷமா இருக்கீங்களா?" என்று அவளைக் கேட்டார்கள். பதறிப்போன இல்தாஃப், "ரொம்ப சந்தோஷமா இருக்கா!" என்றான். அதைக் குறித்துக்கொண்டார்கள்.

அந்த வாரமே சுவரொட்டி மாறியது. அதே கண்கள். பின்னால் இப்போது தடித்த திரை.

அவள் தன் வீட்டுத் திரையைத் தொட்டுப் பார்த்தாள். அந்தப் பக்கம் நடந்தால் கண்கள் கூடவே வந்தன. வீட்டுக் கண்ணாடியில் பார்த்தாள். அங்கேயும் சோகமாகத்தான் இருந்தன. எப்போதிலிருந்து?

சுவரொட்டியைப் பார்த்த மாணவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். "முதல்ல நீங்க வெளிய வாங்க மேடம். அப்புறம் நாங்க கத்துக்கறோம்" என்று ஒருத்தி போனிலேயே அழுதாள். கடைசியில் இரண்டு பேர்தான் மிஞ்சினார்கள். இந்தக் கண்கள் தன் பிழைப்பையே தின்றுவிடும் என்று ஷகுஃப்தா நிஜமாகவே பயந்தாள்.

விசாரித்துக்கொண்டு, அந்தப் படத்தை எடுத்த, பக்கத்து ஊரான லீட்ஸிலிருந்த ஸ்டுடியோவுக்கே போனாள். அங்கே அட்டையில் வரைந்த சன்னல் ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. பக்கத்தில் தடித்த திரை. அவளைப் பார்த்ததும் புகைப்படக்காரர் ஜூலியன் குரலைத் தாழ்த்தினார்.

"பயப்படாதீங்க. நீங்க இங்க வந்தது யாருக்கும் தெரிய வேண்டாம்."

"என் கார் வாசல்லதான் நிக்குது. என்னை எப்ப சார் எடுத்தீங்க?"

ஜூலியன் கண் கலங்கினார். "எத்தனையோ பேரை எடுக்கறேன்மா. எல்லாருக்கும் அதே வலி. யார் யாருன்னு எனக்கே ஞாபகமில்லை."

"முழுப் படத்தைக் காட்டுங்க."

கணினியில் படம் மெல்ல மேலே நகர்ந்தது. கண்கள் போயின. கறுப்புத் துணி நீளமாக, மிக நீளமாக இறங்கியது. அடியில், சேறு அப்பிய, வேலைக்குப் போடும் பெரிய பூட்ஸ்.

"இது என் செருப்பு இல்லையே. அப்ப இது யாரு?"

ஏணிமேல் விளக்கு மாட்டிக்கொண்டிருந்த செந்தாடிக்காரன் கேரி, தன் பூட்ஸ் கால்களைப் பார்த்துக்கொண்டே நெளிந்தான்.

"அன்னிக்கு மாடல் பொண்ணு வரலைங்க... அது நான்தான். பசியில நின்னேன், அதான் கண்ணு அப்படிச் சோகமா இருக்கு. எங்கம்மாகூட தினமும் பஸ் ஸ்டாப்புல அதைப் பாத்து, 'யார் பெத்த பொண்ணோ, பாவம்'னு அழுதுட்டு வராங்க."