பத்து எடுத்தால் பதினொன்று

மதிப்புக்குரிய பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கின் அம்மா எழுதுவது. இங்கே நான், மகன், மருமகள், பேத்தி நாலு பேரும் சுகம். அங்கே நீங்களும், உங்கள் வீட்டாரும், உங்கள் ஆபீசில் எழுதுகிறவர், அச்சடிக்கிறவர், கட்டுக் கட்டி அனுப்புகிறவர் வரை எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்றே நினைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். எழுத்துப் பிழை இருந்தால் நீங்கள் திருத்திக்கொள்ளலாம். கணக்கில் பிழை இருக்காது. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நாலிலும் அன்றைக்கு வகுப்பில் நான்தான் முதல். வட்டிக் கணக்கு ஆறாம் வகுப்பில் வருமாம். அதற்குள் என்னை நிறுத்திவிட்டார்கள். அது ஒன்றுதான் குறை, மற்றபடி ஒரு குறையும் இல்லை.

போன வருஷம் உங்கள் பத்திரிகையில் "வரவுக்குள் குடும்பம்: பத்து வழிகள்" என்று ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். அதற்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். அப்போது எங்களுக்கு ஐந்து கடன் இருந்தது. மளிகைக் கடையில் ஒன்று, சோபாவுக்குத் தவணை, மகன் தன் சிநேகிதனிடம் வாங்கிய கைமாற்று, மருமகளின் கடன் அட்டை, எல்லாவற்றுக்கும் மேலே மகன் வேலைக்குப் போகிற வண்டி. அந்த வண்டியில்தான் அவன் கேஸ் சிலிண்டரும் சாமானும் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போய் ரிப்பேர் செய்கிறான். வண்டி போனால் வேலை போச்சு. ஃப்ரிட்ஜைத் தூக்கிக்கொண்டு எந்த வீட்டுக்காரரும் எங்கள் வாசலுக்கு வரமாட்டார். மாசம் பிறந்தால் புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பார்கள். சம்பளம் எங்கே போச்சு என்று அவன் கேட்பான், உங்க சட்டைப் பையைக் கேளுங்க என்று அவள் சொல்வாள். மருந்துக் கடையில் பில் போடுகிறவள், பேச்சிலும் பில் போடுவாள். நான்தான் உங்கள் பக்கத்தை அவர்கள் நடுவில் வைத்து, "சண்டையை நிறுத்துங்க, படிச்சவங்க எழுதியிருக்காங்க, அதைச் செய்வோம்" என்றேன்.

முதல் வழி, ஒரு மாதம் செலவையெல்லாம் எழுதச் சொன்னீர்கள். எழுதினோம். மாசக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் வாடகையை விட அதிகம் தின்றவர் ஒருத்தர் இருந்தார். அவர் பெயர் "இதர". வெள்ளிக்கிழமை இதர, சனிக்கிழமை இதர, ஞாயிற்றுக்கிழமை இரண்டு தடவை இதர. "யாருடா இந்த இதர, நம்ம வீட்டுலதான் தங்கியிருக்காரா?" என்று கேட்டேன். மகன் தலையைச் சொறிந்தான். ஒரு நாளைக்கு ஆறு டீயாம், கூட நிற்கிறவர்களுக்கும் இவன்தான் டீயாம். மருமகளின் இதரவில் பாதி தலையில் மாட்டுகிற கிளிப். என்னுடைய இதரவையும் சொல்லிவிடுகிறேன், மறைக்கக் கூடாது. அது உங்கள் பத்திரிகை. ஆகவே நீங்கள் சொன்ன வழிப்படி நாங்கள் முதலில் வெட்டியது உங்களைத்தான். தப்பாக நினைக்காதீர்கள். உங்கள் பேச்சை அவ்வளவு மரியாதையாகக் கேட்டோம்.

இரண்டாவது வழி, உறை. வாடகை, மளிகை, மின்சாரம், மருந்து, பள்ளிக்கூடம், கடன் என்று ஆறு உறை. கடையில் வாங்கினால் அதற்கும் காசு என்று வாஷிங் மெஷினோடு வருகிற விளக்கப் புத்தகத்தைக் கிழித்து நானே ஒட்டினேன். மளிகை உறையின் மேல் "ஈரத் துணியால் தொடாதீர்கள்" என்று இருக்கும். உறைகளை எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தேன். ஊரில் எல்லோர் ஃப்ரிட்ஜும் என் மகனால் குளிர்கிறது, எங்களுடையது நாலு வருஷமாகக் குளிரவில்லை. "நாளைக்குப் பார்க்கறேம்மா" என்பான். அதனால் ஐஸ் வைக்கிற அறைதான் எங்கள் கஜானா. சாவி என் இடுப்பில்.

மூன்றாவது வழி, வெட்டு. வெட்டினோம். முடியையும் வீட்டிலேயே வெட்டினோம். மருமகள் கத்தரியை எடுத்தாள், ஒரு பக்கம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது, சரி சமமாக்குகிறேன் என்று மறு பக்கம் போனாள், இப்படி இரண்டு பக்கமும் நியாயம் கேட்டுக் கேட்டுக் கடைசியில் நடுவில்தான் கொஞ்சம் மிஞ்சியது. என் பிள்ளை ஒரு மாதம் தொப்பியோடு வேலைக்குப் போனான். ஒரு வீட்டம்மா, "தம்பி, வீட்டுக்குள்ள தொப்பி எதுக்கு?" என்று கேட்டாராம். "ஃப்ரிட்ஜைத் திறக்கும்போது குளிருதுங்க" என்று சொல்லிச் சமாளித்தானாம். சந்தையில் முட்டைக்கோஸ்தான் மலிவு என்று தெரிந்ததும் வாரத்தில் ஐந்து நாள் முட்டைக்கோஸ். "பாட்டி, கடன் முடிஞ்சா முட்டைக்கோஸும் முடிஞ்சிருமா?" என்று பேத்தி கேட்டாள். முடியும் கண்ணு என்று வாக்குக் கொடுத்தேன்.

இங்கேதான் ஒரு சிக்கல். உறைகளே ஒன்றுக்கொன்று கடன்பட ஆரம்பித்தன. மின்சார உறையில் ஒரு சீட்டு, "மளிகைக்கு நாற்பது கொடுத்திருக்கிறேன்." மளிகை உறையில் ஒரு சீட்டு, "மருந்திடம் வாங்கிப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தது முப்பது." பணம் இருக்க வேண்டிய இடத்தில் சீட்டாக இருந்தது. கடனை ஒழிக்கச் செய்த உறைக்கே கடன்! எனக்கு வந்ததே கோபம். ஒரு சனிக்கிழமை எல்லோரையும் உட்கார வைத்துச் சட்டம் போட்டேன். உறையிலிருந்து பத்து எடுத்தால் அடுத்த சனிக்கிழமை பதினொன்று வைக்க வேண்டும். பத்து உறைக்கு, ஒன்று எனக்கு.

"அம்மா, நம்ம காசை நாமளே எடுக்கறதுக்கு நமக்கே வட்டியா?" என்றான் மகன்.

"ஊர்ல கண்டவனுக்கெல்லாம் சிரிச்சுக்கிட்டே கட்டறே, பெத்தவளுக்குக் கட்ட வலிக்குதா?"

"அத்தை, அந்த ஒரு காசு எந்த உறைக்குப் போகுது?" என்றாள் மருமகள். பில் போடுகிற புத்தி.

"அது போற இடத்துக்குப் போகும். கேள்வி கேட்டா பன்னிரண்டு."

அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை. அந்த ஒவ்வொரு காசையும் பழைய பவுடர் டப்பாவில் போட்டு என் புடவைக்கு அடியில் வைத்தேன். பேத்தி ஒரு ரப்பருக்குப் பத்து எடுத்தாள், அவளிடமும் பதினொன்று வாங்கினேன். சட்டம் என்றால் சட்டம்.

இப்படி ஆறு மாதம் ஓடியது. பிறகு உங்கள் நாலாவது வழிக்கு வந்தோம். "சிறிய கடனை முதலில் அடைத்துத் தலைமுழுகுங்கள். அதே சமயம்" என்று இருந்தது. அதோடு பக்கம் இல்லை. அந்தப் பக்கத்துக்குப் பின்னால் ஒரு பூனைப் படம் இருந்ததாம், பேத்தி அதைப் பள்ளிக்கூட நோட்டுக்காக வெட்டி எடுத்துவிட்டாள். நாலாவது வழியில் பாதியும் அதற்குக் கீழே ஆறு வழியும் பூனையோடு போய்விட்டன. "அதே சமயம்னா என்னடா?" என்று மகனைக் கேட்டேன். "பத்திரிகைக்காரங்க அப்படித்தாம்மா, ஒரு வார்த்தையை வச்சு நிறுத்துவாங்க, அப்பத்தானே அடுத்த வாரம் வாங்குவோம்" என்றான். சரி என்று விட்டுவிட்டு, கையில் இருந்த அவ்வளவையும் சின்னக் கடனுக்கே கொட்டினோம். முதல் மாதம் மளிகைக் கடை தீர்ந்தது. இரண்டாம் மாதம் சோபா தீர்ந்தது. அன்றைக்கு நாலு பேரும் அந்தச் சோபாவில் வரிசையாக உட்கார்ந்தோம். இத்தனை நாள் அடுத்தவர் சோபாவில் உட்கார்வது போலவே இருந்தது, அன்றைக்குத்தான் முதுகு அதில் சாய்ந்தது.

மறு திங்கட்கிழமை காலையில் ஒருத்தர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் பை, நல்ல மரியாதை. வண்டிக்குக் கடன் கொடுத்த கம்பெனியில் இருந்து வருகிறாராம். "அம்மா, ரெண்டு மாசமா தவணை வரலைங்க. இந்த மாசத்தையும் சேர்த்து மூணு. வெள்ளிக்கிழமைக்குள்ள நாலாயிரத்து இருநூறு கட்டலைன்னா வண்டியை எடுத்துட்டுப் போகச் சொல்லியிருக்காங்க" என்றார். "நாங்க பத்திரிகையைப் பார்த்துத்தான் தம்பி செய்யறோம்" என்று உங்கள் பக்கத்தை எடுத்துக் காட்டினேன். அவர் நின்றபடியே படித்தார். "அம்மா, 'அதே சமயம் மத்த தவணையையும் விடாம கட்டுங்க'ன்னு இருந்திருக்கும்மா" என்றார். நான் நம்பவில்லை. கடன் கொடுத்தவன் அப்படித்தானே சொல்வான்? மருமகள் பேத்தியின் நோட்டை எடுத்து, கொதிக்கிற கெட்டிலின் ஆவியில் பூனையைக் காட்டி, வாலில் இருந்து மெதுவாக உரித்தாள். பூனையின் வயிற்றுக்குப் பின்னால் தெளிவாக இருந்தது: "மற்றக் கடன்களின் தவணையைத் தவறாமல் செலுத்தி வாருங்கள்." அவர் பெருமைப்பட்டுக்கொள்ளவில்லை, தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். நல்ல மனுஷர்தான். ஆனால் ஒன்று சொல்கிறேன், வட்டி வாங்கிப் பிழைக்கிற கூட்டத்தை மட்டும் எனக்குப் பிடிக்காது. அடுத்தவர் அவசரத்தில் காசு பார்க்கிறவருக்குச் சாப்பாடு எப்படி உள்ளே இறங்குகிறதோ! இதை நீங்கள் பெரிய எழுத்தில் போட்டாலும் எனக்குச் சம்மதம்.

வியாழக்கிழமை வரை ஓடினோம். மகன் இரண்டு நாளில் ஒன்பது ஃப்ரிட்ஜ் பார்த்தான். வாடகை உறையைத் தவிர மற்ற ஐந்தையும் சோபாவில் கொட்டி எண்ணினோம். மூவாயிரத்து ஐந்நூற்று ஐம்பது. அறுநூற்று ஐம்பது குறைகிறது. இன்னொரு தடவை எண்ணினோம், எண்ணினால் வளர்ந்துவிடுமா? மகன் எழுந்து போய் வண்டிக்குள் இருந்த சாமானை ஒவ்வொன்றாக இறக்க ஆரம்பித்தான். "என்னடா செய்யறே?" என்றேன். "வண்டியை எடுத்துட்டுப் போனாலும் சாமான் நம்மளுதும்மா" என்றான். என் பிள்ளை அழுகிறவன் இல்லை. தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்து விட்டிருந்தான், முடி அப்போது நன்றாக வளர்ந்துவிட்டிருந்தது.

நான் உள்ளே போய்ப் பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து சோபாவில் கவிழ்த்தேன். முப்பத்து நாலு சனிக்கிழமை வட்டி. எல்லாம் சில்லறை, எல்லாவற்றிலும் பவுடர் வாசனை. பேத்திதான் எண்ணினாள். அறுநூற்று எண்பத்தெட்டு! "அத்தை, கேள்வி கேட்டா பன்னிரண்டுன்னீங்களே" என்று மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மகன் இறக்கின சாமானையெல்லாம் திரும்ப வண்டியில் ஏற்றினான், ஏற்றுகிற சத்தம் தெருவுக்கே கேட்டது. வெள்ளிக்கிழமை காலை பணம் கட்டியாயிற்று. மீதி முப்பத்தெட்டில் ஒரு முட்டைக்கோஸ் வாங்கினோம், அன்றைக்கு மட்டும் யாரும் முணுமுணுக்காமல் சாப்பிட்டார்கள்.

அதற்கப்புறம் அதே சமயத்தையும் சேர்த்தே கடைப்பிடித்தோம். சிநேகிதன் கடன் போயிற்று, அட்டை போயிற்று, அட்டையை மருமகள் அதே கத்தரியால் வெட்டினாள், அது மட்டும் இரண்டு பக்கமும் சமமாக வந்தது. போன வாரம் வண்டிக்குக் கடைசித் தவணை. பாக்கி இல்லை என்று கம்பெனி கொடுத்த காகிதத்தை மகன் என் கையில் கொடுத்து, "படிங்கம்மா" என்றான். நானே எழுத்துக் கூட்டாமல் படித்தேன். ஒரு வருஷமும் இரண்டு மாதமும். இன்றைக்கு எங்கள் வீட்டில் கடன்பட்டவர் ஒருத்தரும் இல்லை. இதற்கெல்லாம் காரணம் நீங்கள், உங்கள் நாலு வழி. மீதி ஆறு வழி பூனையின் கால்பக்கம் உரிக்கும்போது கிழிந்துவிட்டன, அவை இல்லாமலே கரை ஏறிவிட்டோம்.

பேத்தி இந்த வருஷம் ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டாள். என் வம்சத்துப் பெண் பிள்ளைகளில் என்னைத் தாண்டிப் படிக்கிறவள் இவள்தான். அவள் படிப்பை மட்டும் எந்த உறைக்காகவும் நிறுத்த விடமாட்டேன்.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். உங்கள் பேனாவில் மை வற்றக் கூடாது, உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் பழுதாகக் கூடாது, ஆனால் பழுதானால் எங்களுக்குத்தான் சொல்லியனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
என்றும் நன்றியுள்ள,
ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கின் அம்மா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகிற நேரத்தில் பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். இன்றைக்கு வகுப்பில் வட்டிக் கணக்கு ஆரம்பித்தார்களாம். வந்ததும் வராததுமாக நோட்டை விரித்து என் சட்டத்தைப் போட்டுப் பார்த்தாள். வண்டிக் கம்பெனி வாங்கியது வருஷத்துக்கு நூற்றுக்குப் பதினெட்டு. அந்தக் கணக்கில் பத்துக்கு ஒன்று ஏற இருபத்தொன்பது வாரம் ஆகுமாம். என் கணக்கில் ஒரே வாரம். "பாட்டி, நீங்க அந்தக் கம்பெனியை விட இருபத்தொன்பது மடங்கு" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். ஆகவே வட்டி வாங்குகிற கூட்டத்தைப் பற்றி மேலே நான் எழுதியதைப் பெரிய எழுத்திலும் போட வேண்டாம், சின்ன எழுத்திலும் போட வேண்டாம். வண்டிக்குப் போன பணத்தை வீட்டில் மன்னித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு டப்பாவில் சேர்ந்தது நூற்று நாற்பத்தாறு, அதில் நியாயமான வட்டி ஐந்துதானாம், மீதி நூற்று நாற்பத்தொன்றை நான் திருப்பித் தர வேண்டும் என்று மருமகள் நோட்டில் என் பேரில் எழுதிவிட்டாள். அதனால் எங்கள் வீட்டில் கடன்பட்டவர் ஒருத்தரும் இல்லை என்ற வரியையும் அடித்துவிடுங்கள், ஒருத்தி இருக்கிறாள். வாரம் பத்து வீதம் தவணையில் அடைத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறேன். அதே சமயம், டப்பாவை நான் யாரிடமும் கொடுப்பதாக இல்லை.