எந்தக் கால், மாமா?

நடிக்கத் தெரியாதவன் நொண்டப் போகக் கூடாது. நான் போனேன். அதுவும் அரசாங்க அலுவலகத்துக்கு.

எல்லாம் மகளின் வீட்டுக்காக. கலியாணம் முடித்து அவள் நகருக்கு வெளியே எபினேயில் இருக்கிறாள். நானும் மனைவியும் நகருக்குள், லா சப்பலில். மகளுக்கு ஆஸ்பத்திரியில் வேலை. மருமகன் பஸ் ஓட்டுகிறார். இருவரும் விடியுமுன்னரே வெளிக்கிட்டுவிடுவார்கள். குழந்தைகள் காப்பகமோ எட்டு மணிக்குத்தான் திறக்கும். அதுவரை பேத்தி மீராவுக்குக் காவல் நான். ஒரு ரயில், ஒரு டிராம் ஏறிப் போய், பிள்ளையைக் காப்பகத்தில் விட்டுவிட்டுத் திரும்பி வந்து, உணவகத்தில் வெங்காயம் உரிப்பேன். (கண்ணீரில் பாதி தூக்கக் கலக்கம்.)

அரச வாடகை வீடுகளில் பெற்றோருக்குக் கிட்ட வீடு கேட்கலாம் என்று அறிந்து மகள் விண்ணப்பித்தாள். எங்களை நேரில் வரச் சொன்னார்கள்.

பலசரக்குக் கடை செல்வமண்ணை (எந்த அலுவலகத்துக்கும் போகாமலே எல்லா அலுவலகத்துக்கும் வழி சொல்பவர்) என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, நீ இப்பிடிக் கல்லுமாதிரிப் போய் நிண்டால் ஒண்டும் நடவாது. தகப்பன் வருத்தக்காரன், நடக்க ஏலாது, பிள்ளைதான் பாக்கோணும் எண்டால்தான் குடுப்பினம். கொஞ்சம் நொண்டு."

நான் கூச்சக்காரன். மெட்ரோவில் யாராவது என் காலை மிதித்தால் நானே மன்னிப்புக் கேட்பேன். அப்படிப்பட்டவன் அன்று நொண்டினேன்.

அலுவலக வாசலில் மீராவோடு நின்ற மகள் திகைத்துப் போனாள். "என்னப்பா காலுக்கு?"

"ஒண்டுமில்லை. நீ வா."

அதிகாரி அம்மா எழுந்து எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த மரியாதைக்காக இன்னும் இரண்டடி கூடுதலாக நொண்டினேன்.

"அப்பாவை யார் கவனிக்கிறார்கள்?" என்று அவர் கேட்டார். மகள் வாயைத் திறக்குமுன் மீரா கதவைத் திறந்து வெளியே ஓடினாள். எதிரே லிஃப்ட் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. லிஃப்ட் மூடுமுன் பிள்ளையை அள்ளி, இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தேன். அறை வாசலில்தான் கால் ஞாபகம் வந்தது. உடனே நொண்டினேன்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "முதலில் இடது கால் அல்லவா, மிஸ்யூ?"

மகள் கழுத்துத் துணிக்குள் முகத்தைப் புதைத்தாள். மீரா மட்டும் கைதட்டினாள்.

முப்பது வருடமாக அலுவலகங்களில் நான் பேசிய பிரெஞ்சு வணக்கம், நன்றி, மன்னிக்கவும் ஆகிய மூன்றும்தான். அன்று மிச்சமும் வந்தது, உடைந்து உடைந்து.

"மதாம், பொய் சொன்னன். கால் நல்லம். ரெண்டும் நல்லம். இந்தக் காலாலைதான் ஒவ்வொரு விடியவும் எபினே போறன். உங்கடை கடதாசி என்னை ஆர் பாக்கினம் எண்டு கேக்குது. நான்தான் அவையைப் பாக்கிறன். அதை எங்கை எழுதுறது?"

"காணும், அப்பா, நிப்பாட்டுங்கோ."

"காணாது," என்றேன். (நான் அப்படிச் சொல்லி மகள் கேட்டதே இல்லை.)

அதிகாரி படிவத்தை முழுதாகப் புரட்டினார். "அதற்குக் கட்டம் இல்லை," என்றார். கடைசிப் பக்கத்தில் நாலு வெற்று வரிகள் இருந்தன. பேனாவை மகளிடம் நீட்டினார். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்.

வீடு இன்னும் கிடைக்கவில்லை. விண்ணப்பத்தை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். மூன்று முறை புதுப்பித்துவிட்டோம். ஒவ்வொரு முறையும் அதே வரிகளை எழுதவைக்கிறேன். மகள் சுருக்கச் சொல்கிறாள். நான் சுருக்குவதில்லை. காப்பகம் போய்ப் பள்ளிக்கூடம் வந்துவிட்டது, ரயில் மாறவில்லை.

விடிய நான் அவர்கள் வீட்டுக்குள் நுழையும்போதே மருமகன் ஆரம்பிப்பார். "மாமா, இண்டைக்கு எந்தக் கால்?" இப்போது மீராவும் அதையே பிரெஞ்சில் கேட்கிறாள்.

"ரெண்டும்தான்," என்பேன். "வீடு தரும்வரைக்கும் ரெண்டும்."