சோணை சலித்த நூறு வாய்

புற்றுநோய் யாருக்கு வரும், யாருக்கு வராது என்று சீமை டாக்டர்கள் ஐம்பது வருஷமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த கேள்விக்கு, 1979ஆம் வருஷம் ஆவணி மாதம், போடிநாயக்கனூரில் ஓர் ஏலக்காய்க் கிட்டங்கியில் விடை கண்டுபிடிக்கப்பட்டது. காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்த ஆராய்ச்சி மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்தும் விட்டது. விஞ்ஞானத்துக்கு இத்தனை வேகம் உண்டென்பது அதுவரை விஞ்ஞானத்துக்கே தெரியாது.

எல்லாவற்றுக்கும் காரணம் பூண்டு. பூண்டு தின்றால் புற்றுநோய் அண்டாது என்று ஏதோ ஒரு தேசத்து ஆராய்ச்சியாளர் சொன்னதாகப் பேப்பரில் நாலு வரி வந்திருந்தது. கிட்டங்கி முதலாளி திருப்பதி அதை மூன்று தடவை படித்தார்.

"வடுகபட்டிக்காரன் பூண்டுக்கு ஆராய்ச்சி இருக்கு. நம்ம காய்க்கு இல்லையா? மணம் நம்மகிட்ட, மருத்துவம் அவன்கிட்டயா?"

உடனே வியாபாரிகள் கூட்டம் கூடியது. தினமும் ஏலக்காய் மெல்லுகிறவர்களுக்குப் புற்றுநோய் வராது என்று 'ஏகமனதாகக்' கண்டுபிடிக்கப்பட்டது. முடிவு கைக்கு வந்துவிட்டதால் ஆராய்ச்சி மட்டும்தான் பாக்கி. அதற்கு மதுரையிலிருந்து ராஜாராம் என்ற இளவயசு டாக்டர் வர ஒப்புக்கொண்டார். தினமும் ஏலக்காய் மெல்லும் நூறு பேர் வேண்டும், வாயைச் சோதித்துப் பழக்கவழக்கங்களைக் கேட்பேன், சந்தேகப்படும்படி புண் இருந்தால் மதுரைக்கு அழைத்துக்கொண்டு போய் வைத்தியம் செய்வோம் என்று கடுதாசி போட்டிருந்தார்.

நூறு பேரைச் சேர்க்கும் பொறுப்பு சோணைக்கு வந்தது. வேறு யாருக்கு வரும்? முப்பது வருஷமாக அந்தக் கிட்டங்கியில் காய் தரம் பிரிக்கிறவர். போடிமெட்டிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கும் மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினால், எந்தச் சரிவில் விளைந்தது, எந்த மழையில் நனைந்தது என்று சொல்லிவிடுவார். "ஏலத்துக்குப் போற லாட்டுல ஒரு கறுப்புக் காய் கெடந்தா, அது என் மூஞ்சில பூசுன கரி" என்பார்.

ஆளுக்குப் பஞ்சமில்லை. காய் பொறுக்கும்போது வாயில் ஒன்று போட்டுக்கொள்வது அங்கே தொழிலாளர் உரிமை. அந்த மணம் அடங்குமுன் புகையிலையை அதக்கிக்கொள்வது பண்பாடு. சோணை ஒரே நாளில் நூறு பெயரையும் எழுதி முடித்தார். அவர் மனைவி மொக்கம்மாளும் அங்கேதான் காய் பொறுக்குகிறாள்.

"எம் பேரு இருக்கா?"

"இருக்கு புள்ள. என்னா அவசரம்?"

"சித்திரையிலருந்து கன்னத்துக்குள்ள வெள்ளையா ஒரு படை. கொழம்பு பட்டா எரியுது. மதுரைக்குப் போறதுன்னா ரெண்டு நாள் சோலி போயிரும். டாக்டரே இங்கன வர்றாருல்ல, காட்டிப்புடுவேன்."

"காட்டு, காட்டு" என்றார் சோணை.

ஆராய்ச்சி நாள் விடிந்தது. கிட்டங்கி முற்றத்தில் நூறு பேரும் வரிசையாக நின்றார்கள். டாக்டர் வர இன்னும் அரை மணி இருந்தது. சோணைக்குக் கை அரித்தது. சலிக்காத லாட்டை அவர் எந்தக் காலத்திலும் வெளியாள் முன்னால் வைத்ததில்லை. ஒவ்வொருவரையும் வெயில் பக்கம் திருப்பி வாயைத் திறக்கச் சொன்னார். தடிப்பு, புண், படை இருந்தவர்களை ஒதுக்கினார். பத்துப் பேர் ஒதுங்கினார்கள். அடுத்து மொக்கம்மாள்.

"நீயும் அந்தப் பக்கம் போ."

"எதுக்கு?"

"கறுப்பு விழுந்திருக்கு."

"வெள்ளைன்னுல சொன்னேன்."

"எந்த நிறமா இருந்தா என்னா, கழிவு கழிவுதான். லாட்டுக்குள்ள நிக்கக் கூடாது."

"அதப் பாக்கத்தான டாக்டரு வர்றாரு?"

"அவரு பாக்க வர்றது ஏலக்காயோட தரத்த. ஒன் வாய அப்பறமாப் பாத்துக்குவோம். வெரசா போ, முதலாளி பேரு கெட்டுரும்."

பதினோரு பேரும் பின்கட்டுக்கு அனுப்பப்பட்டுக் கதவு சாத்தப்பட்டது. எண்ணிக்கை குறையக் கூடாதே. சிலமலையிலிருந்து லோடு ஏற்ற வந்திருந்த பதினோரு இளவட்டங்கள் வரிசையில் சேர்க்கப்பட்டார்கள்.

"ஏலக்காய் திம்பீகளாப்பா?"

"பாயாசத்துல கெடந்தா எடுத்துத் தள்ளி வச்சிருவோம்ணே."

"வாய்க்குப் பக்கத்துல வந்திருச்சுல்ல, போதும்."

டாக்டர் வந்ததும், பட்டியலின் முதல் வாயாக முதலாளி திருப்பதியே உட்கார்ந்தார். டாக்டர் நாடி பார்க்கக் கையைப் பிடித்தார். முதலாளி, துண்டுக்கடியில் விரலை அழுத்தி ரகசியமாக விலை பேசும் தொழில் பழக்கத்தில், இரண்டு கைகள் மேலும் துண்டைப் போட்டு மூடினார்.

"புகையிலை ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

துண்டுக்கு அடியில் டாக்டரின் மூன்று விரல்கள் அழுத்தப்பட்டன.

"என்னங்க இது?"

"மூணு. வாயால சொன்னா மத்தவுகளுக்குத் தெரிஞ்சுரும்."

"உங்க பல்லைப் பார்த்தா பத்துக்குக் குறையாதே?"

"பத்து கட்டாது டாக்டர். ஒங்களுக்காக நாலுன்னு போட்டுக்கங்க."

ஐந்தரையில் படிந்தது. அந்த அரைத் தடவை புகையிலையை எப்படிப் போடுவது என்று மருத்துவ நூல்களில் இன்றுவரை விளக்கம் இல்லை.

டாக்டர் நூறு வாயிலும் டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு புண்கூட இல்லை. 'வியப்புக்குரியது, மேலும் ஆராய வேண்டும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறினார். முதலாளி அதைச் சுருக்கி நோட்டீஸ் அடித்தார்: 'ஏலக்காய் மெல்லுவோர் நூறு. புற்றுநோய் பூஜ்யம்.'

நோட்டீஸை ஊரில் எல்லோரும் நம்பினார்கள். எல்லோரையும்விட அதிகமாக நம்பியவர் சோணை. மனைவியிடம் தினம் பத்து ஏலக்காய் கொடுத்து மெல்லச் சொன்னார்.

"படை பெருசாகுதுங்க. மதுரைக்குப் போவமா?"

"நோட்டீஸ்ல என்னா போட்டிருக்கு? பூஜ்யம்."

"அந்த ஆராய்ச்சிக்கு ஆளப் பொறுக்குனதே நீங்கதான?"

"அதான் சொல்றேன். நான் பொறுக்குனது தப்பா இருக்குமா?"

தை மாதம் மொக்கம்மாளால் சோறு மெல்ல முடியாமல் போனது. ஏலக்காயும் மெல்ல முடியாததால், வைத்தியத்தை நிறுத்திவிட்டு சோணை அவளை ரயிலேற்றிக் கூட்டிப்போனார். மதுரை ஆஸ்பத்திரியில் டார்ச்சோடு உட்கார்ந்திருந்தவர் அதே ராஜாராம். வாயைப் பார்த்துவிட்டு டார்ச்சை அணைத்தார்.

"எந்த ஊரும்மா?"

"போடிங்கய்யா."

"போடியா? அங்க நானே நூறு வாய் பார்த்தேனே. ஒண்ணுலகூட இது இல்லையே. எப்பருந்து இருக்கு?"

"போன சித்திரையிலருந்து."

"நான் வந்தது ஆவணியில. அன்னிக்கே பார்த்திருந்தா சின்னதாக் கீறி எடுத்திருக்கலாம். இப்பப் பாதிக் கன்னத்தை எடுக்கணும். அப்ப ஏம்மா காட்டலை?"

வீங்கிய வாயை முந்தானையால் ஒத்திக்கொண்டு மொக்கம்மாள் நிதானமாகச் சொன்னாள்:

"ஒங்களுக்கு முன்னாலயே வேறொரு டாக்டரு பாத்துட்டாருய்யா. டார்ச்சுகூட இல்ல, வெயில் வெளிச்சத்துலயே பாத்தாரு. சீக்காளி பதினோரு பேரையும் ஒண்ணு விடாமக் கண்டுபிடிச்சாரு. கண்டுபிடிச்சு, ஒங்க கண்ணுல படாம உள்ள வச்சுக் கதவச் சாத்துனாரு."

"யாரும்மா அந்த டாக்டர்?"

பக்கத்தில் நின்ற சோணையை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"எனக்குத் தாலி கட்டுனவருதாங்கய்யா."