போட்டியா

"இந்தப் பொம்பளை யாருய்யா?" என்றார் இசையமைப்பாளர்.

ஒலிப்பதிவாளர் பாட்டை நிறுத்தினார். ஆட்டப்பாட்டின் நடுவே, தாளம் அடங்கும் இடத்தில், அவர் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள்: "மாத்திரை போட்டியா? போட்டியா, போட்டியா?"

அவள் போய் ஏழு மாதம். செல்போனில், குடும்பக் குழுவில், கடைசியாக அவள் விட்ட குரல் செய்தி அது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் வந்த வேகத்தில் போய்விட்டார்கள். அவருக்கென்று மிஞ்சிய ஒரே சொத்து இதுதான். தினமும் வேலைக்கு முன் ஸ்டுடியோ கணினியில் ஒருமுறை கேட்டுக்கொள்வார். நேற்று அதை நீக்க மறந்து, பாட்டோடு சேர்த்துப் பதிந்துவிட்டார். தாளம் கால் மாத்திரை பிசகினாலும் பிடித்துவிடும் மனிதர். ஸ்டுடியோவில் அவருக்குப் பெயரே பாம்புக்காது.

"தெரியாம விழுந்திருச்சு சார். எடுத்துடறேன்."

"எடுத்தா கைய ஒடிச்சிருவேன். கவிஞர் மூணு வாரமா 'வா வா'ன்னே எழுதிட்டு வர்றாரு. இதுலதான்யா உயிர் இருக்கு."

தன் சொத்தை ஊருக்கு எழுதிவைக்க அவருக்கு மனமில்லை. யாருக்கும் கேட்காதபடி ஒலியைக் குறைத்தார்.

"அட, காதுகிட்ட வந்து கிசுகிசுக்குதே. பதினாறு தடவ போடு" என்றார் இசையமைப்பாளர்.

சரி, வீட்டு விஷயமாவது வெளியே தெரியாமல் இருக்கட்டும் என்று முதல் சொல்லை வெட்டினார். மிஞ்சியது வெறும் "போட்டியா? போட்டியா?"

பாடலாசிரியர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "உலகத்தையே போட்டிக்குக் கூப்பிடற சவால் சார் இது. இதத்தான் மூணு வாரமா மனசுல வெச்சிருந்தேன்."

மனசில் இருந்ததை வெளியே எடுத்துக் கொடுத்ததற்கு யாரும் பாம்புக்காதுக்கு நன்றி சொல்லவில்லை.

பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. உடற்பயிற்சிக் கூடங்களில் அதைக் கேட்டு எடை தூக்கினார்கள். எதிரும் புதிருமான இரண்டு கட்சிகள் ஒரே நாளில் அதை மேடையில் அலறவிட்டன. 'அடக்கப்பட்ட தலைமுறையின் அறைகூவல்' என்று ஒரு விமர்சகர் இரண்டு பக்கம் எழுதினார். அந்த ஒரு சொல்லுக்காகத் தான் பட்ட பிரசவ வேதனையைப் பாடலாசிரியர் பேட்டிக்குப் பேட்டி விவரித்தார்.

காலையில் பேருந்திலோ சலூனிலோ அது முதல்முறை காதில் விழுந்ததும், பாம்புக்காது சட்டைப்பையிலிருந்து ரத்த அழுத்த மாத்திரையை எடுத்து விழுங்குவார். அவள் இருந்தவரை ஒழுங்காகப் போடாத மாத்திரை. ஊர் ஆடட்டும், கேள்வி யாருக்கு என்பது தனக்கு மட்டுமே தெரியும் என்பதில் அவருக்கு ஒரு ரகசியக் கர்வம் இருந்தது. ரத்த அழுத்தம் சீராகிவிட்டதாக டாக்டரும் சொன்னார்.

அம்மா போனபின் வெளியூரில் வேலைக்குச் சேர்ந்திருந்த மகள் விடுமுறைக்கு வந்தாள். சாப்பாட்டு மேஜையில் அவளிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். செல்போனில் முழுச் செய்தியையும் போட்டுக் காட்டினார்.

"கேட்டியாம்மா? கடைசி வரைக்கும் என் மாத்திரையப் பத்திதான் அவளுக்குக் கவலை."

மகள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்பா, அம்மா உங்கள ஒரு நாளாவது 'நீ'ன்னு பேசியிருக்காளா? அது எனக்குப்பா, பரண்ல எலிக்கு மாத்திரை போட்டியான்னு."