வாத்துக்குப் பாவம் பார்ப்பவர்

குளம் என்று ஒன்று இருந்து, அதில் நாலு வாத்து நீந்தி, கரையில் பொரி விற்க ஒரு கடையும் இருந்துவிட்டால், அங்கே கட்டாயம் ஓர் ஆள் முளைப்பார். அவர்தான் பாவம் பார்ப்பவர். நீங்களும் நானும் வாத்துகளைப் பார்க்கப் போகிறோம்; அவரோ அவற்றில் எது பாவம் என்று பார்க்கப் போகிறார். ஒன்று அகப்படும்வரை பொரிப் பொட்டலத்தைப் பிரிக்கமாட்டார்.

எங்கள் ஊர் கேரள எல்லையை ஒட்டி, கோவிந்தாபுரம் போகிற சாலையில் இருக்கிறது. பஞ்சாயத்துக் குளத்தைச் சுற்றி நடைபாதை போட்டு, சிமெண்ட் பெஞ்சு வைத்து, பார்க் என்று பெயரும் சூட்டிய பிறகு இந்த இனம் இங்கே பெருகிவிட்டது. அடையாளம் காண்பது சுலபம். மற்றவர்கள் பொரியை வீசுவார்கள். இவர் குறி பார்ப்பார். முன்னால் வந்து வாயைப் பிளக்கிற கொழுத்த வாத்துகளைத் தாண்டி, குறுக்கே பாய்கிற காக்கையை ஏமாற்றி, பின்னால் எங்கோ தனியாக நிற்கும் ஒரு நோஞ்சானின் அலகுக்கு நேராக ஒரு வாய்ப் பொரியைக் கொண்டுசேர்க்க அவர் படும் பாடு இருக்கிறதே! பொரி என்ன கல்லா, எறிந்த இடத்தில் போய் விழ? பாலக்காட்டுக் காற்று அதை அப்படியே முன்வரிசைக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். உடனே அவருக்குக் கோபம் வரும். காற்றின் மேல் இல்லை, தின்ற வாத்தின் மேல்.

வாத்து மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். முக்குளிப்பான் தண்ணீருக்குள் மூழ்கினால் "ஐயோ!" என்று பெஞ்சை விட்டு எழுந்துவிடுவார். அது ஒரு மீனைக் கவ்விக்கொண்டு ஜம்மென்று மேலே வந்ததும் அவர் முகம் வாடிப்போகும். சொந்தக் காலில் நிற்கிற எந்த உயிரையும் அவருக்கு அவ்வளவாகப் பிடிக்காது.

எங்கள் பார்க்கில் இந்த இனத்துக்குத் தலைவர் சென்னியப்பன். தேங்காய் மண்டியை மூடிவிட்டு ஓய்வாக இருப்பவர். தங்கமான மனிதர். இந்த இனத்தில் கெட்டவர்களே கிடையாது, அதுதான் சிக்கல். அவர் பாவம் பார்க்கிற வாத்து ஒன்று நொண்டும். அவர் தலையைக் கண்டால் கொஞ்சம் கூடுதலாகவே நொண்டும். அவர் கேட்டைத் தாண்டியதும், அதே வாத்து மற்றவற்றைக் கொத்தி விரட்டிக்கொண்டு கரை நெடுக ஓடுவதை நான் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். சொல்லலாம்தான். சொல்லிவிட்டு அவரோடு மல்லுக்கு நிற்பது யார்?

இவர்களிடம் ஒரு சட்டம் உண்டு. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பாவமாக இருக்க முடியும். மற்ற அத்தனை பேரும் திடகாத்திரம். காய்ச்சல் வந்தாலும் திடகாத்திரம்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவரோடு மூத்த மகள் யோகப்பிரியாவும் வந்திருந்தாள். பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரில் டீச்சர். மூத்தவன் பள்ளிக்கூடம் போகிறான், வயிற்றில் இரண்டாவது, ஏழு மாதம். பக்கத்து பெஞ்சில் நான். ஒட்டுக்கேட்கவில்லை, காது திறந்திருந்தது, அவ்வளவுதான்.

"அப்பா, இந்தப் பிரசவத்துக்காச்சும் அம்மாளை ஒரு மாசம் என்ற ஊட்டுக்கு அனுப்புங்க."

அவர் பொரியைக் குறி பார்த்தபடியே சொன்னார். "ஆர்த்தி கோயமுத்தூர்ல புது ஊட்டுக்குக் குடி போறாளே அம்மிணி. சின்னவ, தனியா என்ன பண்ணுவா? பாவம்."

"மூத்தவன் பொறந்தப்பவும் அம்மா அவகூடத்தானுங்கப்பா இருந்தாங்க."

"அப்ப அவளுக்குப் பரீச்சை. பாவமில்லையா?"

அந்த நேரம் பார்த்துப் பெரிய வெள்ளை வாத்து ஒன்று கரையேறி வந்து, நொண்டிக்கு எறிந்த பொரியை லபக்கென்று விழுங்கியது. சென்னியப்பன் தோள்துண்டை உருவி அதன் மேல் ஓர் அடி போட்டார்.

"போ அக்கட்டால! பெருசுக்கென்ன அம்மிணி, எங்க உட்டாலும் அது சமாளிச்சுக்கும். இந்த நொண்டிதான் பாவம்."

அவள் அப்பாவைப் பார்த்தாள். துண்டடி வாங்கி ஒதுங்கி நின்ற அந்தப் பெரிய வாத்தைப் பார்த்தாள். பிறகு அவர் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கி, வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சிரமப்பட்டுக் குனிந்து, மிச்சப் பொரி முழுவதையும் அதன் முன்னால் கொட்டினாள்.

"ஏ அம்மிணி, அந்தத் தடியனுக்குப் போயி..."

"அதுக்கும் பசிக்குமுங்கப்பா."

சொல்லிவிட்டுக் கேட்டைப் பார்த்து நடந்தாள். சென்னியப்பன் துண்டும் கையுமாக நின்றார். நொண்டி வாத்து அவர் காலடியில் வந்து, என்றைக்கும் இல்லாத நொண்டலாக நொண்டிக் காட்டியது. அவர் அதைப் பார்க்கவில்லை. ஒரு செருப்பை விட்டுவிட்டு மகளுக்குப் பின்னால் ஓடினார்.

"நில்லு அம்மிணி! டாக்டரு எந்தத் தேதி சொன்னாங்க? அம்மாளை நான் அனுப்பறேன். நாளைக்கே வேணும்னாலும் அனுப்பறேன்!"

அவள் நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே தேதியைச் சொன்னாள்.

அப்பாடா என்று இருக்கிறதா? இருக்கட்டும். "பாவம் அந்தப் பெண்" என்று யோகப்பிரியாவுக்காக உச்சுக்கொட்டினீர்கள்தானே? நானும்தான் கொட்டினேன். ஆனால் சென்னியப்பன் வீட்டு அம்மாவின் முழங்கால் வீக்கமும், கோயமுத்தூரில் சாமான் அடுக்கி முடித்த கையோடு சித்தூருக்கு அவர் பஸ் ஏறப்போவதும் எங்கள் தெருவுக்கே தெரியும். எந்த மகள் வீட்டுக்குப் போக உனக்கு இஷ்டம், போகத்தான் உடம்பு முடியுமா என்று அவரை யாராவது கேட்டார்களா? சென்னியப்பன் கேட்கவில்லை, மகள் கேட்கவில்லை, நான் கேட்கவில்லை. இவ்வளவு நேரம் படித்தீர்களே, உங்களுக்காவது தோன்றியதா?